முதல் ரிமோட் படகு... ஓடினா மட்டும் போதாது, கரைக்குத் திரும்பி வரணும்!

மழை விட்டதும் தெருவில் ஓடுகிற தண்ணீரில் கத்திக் கப்பல் விட்ட ஞாபகம் இருக்கிறதா? நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, மடித்து, மெதுவாக வைத்து விடுவோம். அது ஆடி ஆடிப் போய், சாக்கடை மூலையில் திரும்பிக் காணாமல் போகும். திருவிழாக் கடையில் வாங்கிய 'டபடப' தகரப் படகு கொஞ்சம் பரவாயில்லை. அது அண்டாத் தண்ணீருக்குள்ளேயே சுற்றும். ஆனால், ரெண்டுமே நம்ம பேச்சைக் கேட்காது!

சொன்ன பேச்சைக் கேட்கிற படகு ஒன்றை முதன்முதலில் ஊருக்குக் காட்டியவர் நிகோலா டெஸ்லா. 1898-ம் ஆண்டு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின் கண்காட்சியில், தண்ணீர்த் தொட்டியில் ஒரு சின்னப் படகை மிதக்கவிட்டு, ஒயரே இல்லாமல் ஓட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. எண் 613,809. இன்று பறக்கிற டிரோனுக்கும், ஓடுகிற ரிமோட் காருக்கும் முன்னோடி அந்தப் படகுதான்.

அந்த மாதிரி ஒன்றை நீங்களே செய்யலாம். இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பிளைவுட் அறுக்கத் தெரிந்தால், பசை காயும்வரை பொறுமை இருந்தால் போதும். நான்கைந்து வார இறுதிகள் ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ரிமோட் கார் நின்றுபோனால் நடந்துபோய் எடுத்துவரலாம். படகு குளத்து நடுவில் நின்றால் என்ன செய்வீர்கள்? அதனால், முதல் படகுக்கு வேகம் முக்கியமே இல்லை. கரைக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் முக்கியம். கீழே இருக்கும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

ஸ்பீடு போட் வேண்டாம்... இழுவைப் படகு போதும்!

புதிதாக வருகிறவர்கள் பலரும் தேடுவது, தண்ணீரைக் கிழித்துப் போகும் ரேஸ் படகு. அதற்கு எடை குறைவாக இருக்க வேண்டும், அடிப்பாகம் துல்லியமாக இருக்க வேண்டும், பேட்டரியும் காட்டமானதாக இருக்க வேண்டும். சின்னத் தப்பு நடந்தாலும் கவிழ்ந்துவிடும்.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் 'டக்' படகு இதற்கு நேர் எதிர். குட்டையாக, அகலமாக, கனமாக இருக்கும். மெதுவாகப் போகும். ஆனால், அசையாமல் நிற்கும். மாடல் படகு செய்பவர்கள் மத்தியில் 'ஸ்பிரிங்கர்' என்றொரு வகை உண்டு. 18 அங்குல நீளம், 8 அங்குல அகலம். பார்க்க ஷூ பாக்ஸுக்கு மூக்கு வைத்த மாதிரி இருக்கும். ஆனால், முதல் படகுக்கு இதைவிட எளிமையான வடிவம் கிடைப்பது கஷ்டம். நாமும் அதே பாணியில், 46 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 12 செ.மீ உயரத்தில் ஒன்று செய்வோம்.

என்னென்ன வாங்க வேண்டும்?

* உடலுக்கு: 6 எம்.எம் பிளைவுட், 3 எம்.எம் பிளைவுட், தண்ணீர் தாங்கும் பசை, எம்-சீல், அரால்டைட், உப்புத்தாள், பிரைமர், எனாமல் பெயின்ட், தெர்மாகோல்.
* ஓட்டத்துக்கு: 12 வோல்ட் 555 மோட்டார், குழாயுடன் கூடிய ஷாஃப்ட், 35 எம்.எம் ப்ரொப்பெல்லர், மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங், கிரீஸ்.
* திருப்புவதற்கு: சுக்கான், ஒரு சர்வோ மோட்டார்.
* மின்சாரத்துக்கு: 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-அவர் சீல்டு லெட்-ஆசிட் பேட்டரி, அதற்கான சார்ஜர், ஃபியூஸ், ஸ்விட்ச்.
* கட்டுப்பாட்டுக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், இ.எஸ்.சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குச் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம். பேட்டரிக்கு அலையவே வேண்டாம். எமர்ஜென்சி லைட்டிலும் கடைத் தராசிலும் இருப்பது இதேதான். ஃபியூஸ், பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும். பட்ஜெட்டில் பெரிய பங்கு டிரான்ஸ்மிட்டருக்குத்தான் போகும். ஆனால், அடுத்தடுத்த படகுகளுக்கும் அதையே பயன்படுத்தலாம் என்பதால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

உடல்... ரெண்டு பக்கமும் ஒரே அச்சு!

6 எம்.எம் பிளைவுட்டில் 46 x 12 செ.மீ அளவில் இரண்டு பலகைகள் வெட்டுங்கள். இவைதான் படகின் இரண்டு பக்கங்கள். ரெண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து கிளாம்ப் போட்டுவிடுங்கள். கீழ் விளிம்பில், முன்முனையிலிருந்து 10 செ.மீ உள்ளே ஒரு புள்ளி. முன்முனையிலேயே கீழிருந்து 8 செ.மீ உயரத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் கோடிட்டு இணைத்து, அந்த மூலையை அறுத்துத் தள்ளுங்கள். பின்பக்கமும் இதே போல். சேர்த்து அறுப்பதால் ரெண்டு பக்கமும் அச்சு மாறாமல் வரும். பக்கங்கள் மாறினால் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும்.

இரண்டு பக்கங்களுக்கும் நடுவே இரண்டு குறுக்குப் பலகைகள் வைத்து ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு வெளி அகலம் 20 செ.மீ இருக்க வேண்டும். பிறகு, அடிப்பாகத்தை 3 எம்.எம் பிளைவுட்டால் மூடுங்கள். முன்னும் பின்னும் சரிவுகளுக்குத் தனித்தனித் துண்டுகள் போட்டால் வளைக்கும் வேலையே இல்லை. ஒரே துண்டாக வளைக்க ஆசையென்றால், பலகையின் மேல்ரேகைகள் படகின் குறுக்காக ஓடும்படி வெட்டுங்கள். அப்போதுதான் உடையாமல் வளையும்.

சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் விட்டுவிடும். ஃபெவிகால் மரைன் போன்ற தண்ணீர் தாங்கும் பசையாக வாங்குங்கள். உள்பக்க மூலைகள் எல்லாவற்றிலும் எம்-சீலை உருட்டி, விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும். பிறகு உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட் எனாமல்.

"வெளியிலதானே தண்ணி, உள்ளே எதுக்கு பெயின்ட்?" என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் படகிலும் கொஞ்சமாவது தண்ணீர் புகும். பெயின்ட் இல்லாத பிளைவுட் அதைக் குடித்து உப்பிவிடும். குறிப்பாக, அறுத்த விளிம்புகளுக்கு ஒரு கோட் கூடுதலாகவே அடியுங்கள்.

எவ்வளவு எடை ஏற்றலாம்? ஒரு பெருக்கல் கணக்கு!

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடிஸ் விதிதான். 1 கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 1 கிராம். அதனால் கணக்கு ரொம்ப சுலபம்.

நம் படகு 5 செ.மீ ஆழம் அமிழட்டும். முன்னும் பின்னும் சரிவு இருப்பதால், தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் சராசரி நீளம் சுமார் 32 செ.மீ. அகலம் 20 செ.மீ. பெருக்குங்கள்... 32 x 20 x 5 = 3,200. அதாவது, படகின் மொத்த எடை சுமார் 3.2 கிலோ இருந்தால் 5 செ.மீ உள்ளே, 7 செ.மீ வெளியே என்று கம்பீரமாக நிற்கும்.

மர உடல் 1 கிலோ அளவுக்கு வரும். பேட்டரி முக்கால் கிலோ. மோட்டார், ஷாஃப்ட், சர்வோ எல்லாம் சேர்த்து அரை கிலோ. மீதி 1 கிலோவுக்குப் பாரம் வைக்க வேண்டும். "நல்லா ஓடுற படகுல எதுக்கு வெட்டியா வெயிட்?" என்று தோன்றும். லேசான படகு காற்றுக்கு ஆடும், ப்ரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டும். பாரம் எப்போதும் அடியில், நடுவில் இருக்க வேண்டும். இரும்புத் துண்டுகளோ, பையில் இறுக்கிக் கட்டிய மணலோ போதும். ஆனால், நகராமல் இருக்க வேண்டும். நகரும் பாரம்தான் படகைக் கவிழ்க்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. படகுக்குள் தண்ணீர் முழுசாகப் புகுந்துவிட்டால்? மரம் தானாகவே மிதக்கும். மற்ற சாமான்களின் எடை சுமார் 2.2 கிலோ. 1 லிட்டர் தெர்மாகோல் கிட்டத்தட்ட 1 கிலோவைத் தாங்கும். எனவே, இரண்டரை லிட்டர் அளவுக்கு தெர்மாகோலை முன்பக்கமும் பின்பக்கமும் அடைத்துவிடுங்கள். நம் படகின் மொத்தக் கொள்ளளவு 9 லிட்டருக்கு மேல் என்பதால் இடம் தாராளம். நிறைந்தாலும் மூழ்காத படகுதான் ஒருநாள் கரைக்கு வரும்.

மோட்டாரும் ஷாஃப்ட்டும் நேர்க்கோட்டில்...

12 வோல்ட் மோட்டாரை 6 வோல்ட்டில் ஓட்டுவது ஏன்? சுற்றும் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும், மோட்டாரும் சூடாகாது. இழுவைப் படகுக்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

ஷாஃப்ட் குழாயைப் பின்பக்கச் சரிவு வழியாக உள்ளே கொண்டுவந்து அரால்டைட்டால் ஒட்ட வேண்டும். ஆனால், ஒட்டும் முன் மோட்டாரையும் சேர்த்தே வைத்துப் பாருங்கள். மோட்டார், கப்ளிங், ஷாஃப்ட் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். விரலால் சுற்றினால் எங்கேயும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். கோணலாக இருந்தால் 'கரகர'வெனச் சத்தம் வரும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், கப்ளிங் நடுக்குளத்தில் கழன்றுகொள்ளும்.

குழாய்க்குள் கிரீஸ் நிரப்புங்கள். ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ப்ரொப்பெல்லர் படகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்காமல், சரிவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் சுற்றட்டும். அதன் மேல்முனை தண்ணீர் மட்டத்துக்கு 1 செ.மீ கீழேயாவது இருக்க வேண்டும். சுக்கான், ப்ரொப்பெல்லருக்கு நேர் பின்னால். அது தள்ளுகிற தண்ணீர் சுக்கானில் மோதுவதால்தான் படகு திரும்புகிறது. ஒரு விஷயம்... பின்னோக்கிப் போகும்போது சுக்கான் சரியாகப் பேச்சு கேட்காது. அது உங்கள் தப்பில்லை, ஒற்றை ப்ரொப்பெல்லர் படகுகளின் சுபாவமே அப்படித்தான்.

ஒயரிங்... பயப்பட ஒன்றுமில்லை!

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து ஸ்விட்ச், பிறகு இ.எஸ்.சி, கடைசியில் மோட்டார். இதுதான் பாதை. இ.எஸ்.சி-யிலிருந்து வரும் மூன்று ஒயர் பிளக் ரிசீவருக்குப் போகும். சர்வோவின் பிளக்கும் ரிசீவரில்தான். பெரும்பாலான இ.எஸ்.சி-கள் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தேவையான மின்சாரத்தையும் தாமே கொடுத்துவிடும்.

இ.எஸ்.சி வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. உங்கள் மோட்டாருக்கு இரண்டு ஒயர் என்றால் அது பிரஷ்டு மோட்டார். இ.எஸ்.சி-யும் பிரஷ்டு வகையாக இருக்க வேண்டும். மூன்று ஒயர் இருந்தால் பிரஷ்லெஸ். ரெண்டையும் மாற்றிக்கொள்ள முடியாது.
2. ரிவர்ஸ் வசதி இருக்க வேண்டும். பாசியில் சிக்கினால் பின்னால் வர அதுதான் வழி.
3. 6 வோல்ட்டில் வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். சில மாடல்களுக்கு 7 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும்.
4. லித்தியம் பேட்டரிக்கான கட்-ஆஃப் இருந்தால், அதை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே '104' என்று எழுதிய சின்ன செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்யுங்கள். பிரஷ்டு மோட்டாரின் தீப்பொறிகள் உண்டாக்கும் மின் இரைச்சலை அது குறைக்கும். "எனக்கு சாலிடரிங் வராதே பாஸ்!" என்பவர்கள் பக்கத்து டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

ரிசீவரைப் படகின் அடியில் வைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் தண்ணீரைத் தாண்டிப் போகத் திணறும். ரிசீவரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மேல்தட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். ஆன்டெனா நுனி தண்ணீர் மட்டத்துக்கு மேலே, எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் அது இதுதான்... ஃபெயில்சேஃப்! சிக்னல் போனால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் செட் செய்யும் வசதி. இதைச் செய்யாவிட்டால், சிக்னல் போன நொடியில் இருந்த வேகத்திலேயே படகு ஓடிக்கொண்டே இருக்கலாம். செட் செய்துவிட்டு மேஜை மேலேயே சோதியுங்கள். மோட்டார் மெதுவாக ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்தால், மோட்டார் நிற்க வேண்டும். விரல் ப்ரொப்பெல்லர் பக்கம் போகவே கூடாது.

மற்ற நேரங்களில் வரிசை இதுதான்: ஆன் செய்யும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு படகு. ஆஃப் செய்யும்போது முதலில் படகு, பிறகு டிரான்ஸ்மிட்டர்.

குளத்துக்கு முன்னாடி டப்!

துணி ஊறவைக்கிற பெரிய டப் வீட்டில் இருக்கும். அதுதான் உங்கள் முதல் துறைமுகம். எலெக்ட்ரானிக்ஸ் வைக்கும் முன்பே மூன்று சோதனைகள்.

கசிவு: படகுக்குள் காய்ந்த நியூஸ்பேப்பரை விரித்து, பாரம் ஏற்றி, அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கே ஓட்டை. துடைத்து, காயவைத்து, மறுபடி எம்-சீல்.

சாய்வு: ஒரு பக்கத்தை விரலால் அழுத்தி விடுங்கள். பொம்மை மாதிரி உடனே நிமிர வேண்டும். சோம்பலாக நிமிர்ந்தால் எடை மேலே இருக்கிறது என்று அர்த்தம். கீழே இறக்குங்கள். மூக்கு தாழ்ந்தாலும் வால் தாழ்ந்தாலும் பாரத்தை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

மூழ்கல்: பேட்டரிக்கும் மோட்டாருக்கும் பதிலாக அதே எடைக்கு இரும்பு வைத்து, படகை வேண்டுமென்றே தண்ணீரால் நிரப்புங்கள். முழுகிப்போனால் தெர்மாகோல் போதவில்லை. இந்தத் தோல்வி டப்பில் நடந்தால் பாடம். குளத்தில் நடந்தால் நஷ்டம்.

முதல் பயணம்... எங்கே, எப்படி?

இடம்தான் பாதி வெற்றி. கணுக்கால் ஆழம் உள்ள பூங்காக் குளமோ, அனுமதி வாங்கிய அப்பார்ட்மென்ட் நீச்சல் குளமோ நல்லது. நீச்சல் குளம் என்றால் யாரும் குளிக்காத நேரமாகப் பார்த்து, படகின் வெளியே ஒட்டியிருக்கும் கிரீஸை நன்றாகத் துடைத்துவிட்டு இறக்குங்கள். ஏரி என்றால் ஆகாயத்தாமரை இல்லாத, பறவைகள் கூடு கட்டாத பக்கம். கடல் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் மோட்டாரைத் தின்றுவிடும். கிணறு, கல்குவாரிக் குட்டை, பாசி படிந்த படிகள் கொண்ட தெப்பக்குளம்... இங்கெல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் முகத்தில் அடிக்கிற கரையில் நில்லுங்கள். படகு நின்றுபோனாலும் காற்றே அதை உங்களிடம் தள்ளிக்கொண்டு வரும். இறக்கும் முன் ரேஞ்ச் டெஸ்ட்: நண்பர் படகைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் டிரான்ஸ்மிட்டருடன் தள்ளி நடங்கள். எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறீர்களோ, அதைவிட அதிக தூரத்திலும் சுக்கான் அசைய வேண்டும்.

முதல் பத்து நிமிடம் கரையிலிருந்து ஐந்து மீட்டருக்குள்ளேயே ஓட்டுங்கள். கரைக்கு எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் தொட முடியாத அளவு சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். படகு உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும். எல்லோரும் குழம்புகிற இடம் இது. நீங்களே படகில் உட்கார்ந்து ஓட்டுவதாக நினைத்துக்கொண்டால் கை பழகிவிடும்.

பேட்டரி எவ்வளவு நேரம் வரும்? மோட்டார் சராசரியாக 2 ஆம்பியர் எடுத்தால், கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல். நீங்கள் அதில் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருக்கிற சார்ஜ்தான் திரும்பி வருவதற்கான டிக்கெட்.

நடுவில் நின்றுவிட்டால்?

முதலில் த்ராட்டிலை விடுங்கள். பாசி சுற்றியிருந்தால், முறுக்க முறுக்க மோட்டார்தான் எரியும். லேசாக ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள். வரவில்லையா? காத்திருங்கள், காற்று வேலை செய்யும். டென்னிஸ் பந்தில் தூண்டில் நரம்பைக் கட்டி எப்போதும் பையில் வைத்திருங்கள். படகைத் தாண்டி எறிந்து, மெதுவாக இழுத்தால் நரம்பு படகில் மாட்டி, கூடவே வந்துவிடும்.

நீச்சல் தெரிந்தாலும் தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். நம்மூர் ஏரிகளில் மேலே தெரிகிற ஆழம் வேறு, உள்ளே இருக்கிற சேறு வேறு. தம்பி, தங்கச்சி கூட வந்திருந்தால், "படகு போனா போகுது, யாரும் இறங்கக் கூடாது" என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். படகு என்பது பிளைவுட்டும் பசையும்தான். இன்னொன்று செய்துகொள்ளலாம்.

அடுத்து என்ன?

இந்தப் படகு பத்து முறை போய், பத்து முறையும் திரும்பி வரட்டும். பிறகு, மேலே ஒரு கேபின் கட்டுங்கள், எல்.இ.டி விளக்கு வையுங்கள். வேகம் வேண்டுமென்றால் பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி பக்கம் போகலாம். அந்த பேட்டரியில் ஒரு செல் 3.7 வோல்ட். சார்ஜ் ஏறும்போது 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கான சார்ஜர் இல்லாமல், ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. லெட்-ஆசிட்டில் ஆரம்பிக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து வைத்து, துடைத்து, ஒருநாள் காயவிடுங்கள். பேட்டரியை அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள். லெட்-ஆசிட்டைக் காலியாக விட்டால் சீக்கிரம் செத்துவிடும்.

கத்திக் கப்பல் தெருமுனையில் திரும்பிப் போனபோது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடிந்ததில்லை. இந்த முறை ஸ்டிக்கைத் திருப்புங்கள். படகும் திரும்பும்!